மகளின் தொடைத் தசைக்கு எந்தப் பயிற்சி? நான்கு வழிகளை வைத்துப் பார்த்தேன்

போன நவம்பரில் பள்ளி விளையாட்டுப் போட்டியில் 200 மீட்டர் ஓடும்போது என் மகளுக்கு வலது தொடையின் பின்பக்கம் சுரீர் என்று பிடித்தது. வளைவு முடிந்து நேர்ப்பாதைக்குள் நுழைகிற இடம். இரண்டு எட்டு நொண்டியவள் அப்படியே தடத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வாரம் போனது. வலி சுத்தமாக இல்லை என்றாள், நடந்தாள், மெதுவாக ஓடினாள். முழு வேகத்தில் ஓடிப் பார்த்த மூன்றாவது நாள், அதே கால், அதே இடம், மறுபடியும் இழுத்துக்கொண்டது.

முதல் காயத்துக்கு அழுதவள் இரண்டாவதற்கு அழவில்லை. ஆட்டோவில் அல்சூர் ஏரியைத் தாண்டும்போது, "அம்மா, சொன்னதையெல்லாம் ஒழுங்காத்தானே செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டாள். உண்மைதான். சொன்னதையெல்லாம் செய்தாள். சொன்னவைதான் சரியில்லை.

நான் பெங்களூரில் ஒரு செவிலியர் கல்லூரியில் உடலியங்கியல் எடுக்கிறேன். தசையின் நீளத்துக்கும் அது தரும் விசைக்கும் உள்ள உறவைக் காட்டும் வளைகோட்டை ஆண்டுதோறும் பலகையில் வரைகிறேன். அந்தக் கோட்டை என் பிள்ளையின் தொடையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று இரண்டாவது காயம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. அது மனதை அறுக்கிறது. ஓடுகிற, பந்து வீசுகிற, கபடி ஆடுகிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதே கேள்வி வரும் என்பதால் நான் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன்.

எங்களுக்குக் கிடைத்த யோசனைகள் நான்கு. பள்ளி பி.டி. மாஸ்டர், "தசை இறுகிப்போயிருக்கு, நல்லா ஸ்ட்ரெச் பண்ணணும்" என்றார். வீட்டுக்குப் பக்கத்து ஜிம் பயிற்சியாளர், குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்கும் லெக் கர்ல் மெஷினைக் காட்டினார். முதல் ஐந்து வாரத்தில் இவை இரண்டையும்தான் செய்தாள். இரண்டாவது காயத்துக்குப் பிறகு ஓட்டப் பயிற்சி தரும் ஒரு அண்ணன், முட்டிபோட்டு முன்னால் சாயும் நார்டிக் பயிற்சியைச் சொன்னார். கடைசியாகப் பார்த்த பிசியோதெரபிஸ்ட், தசையை நீண்ட நிலையில் வைத்தே பலப்படுத்தும் சில பயிற்சிகளைச் சொன்னார்.

எதை எடுப்பது? அதற்கு முன் ஒரு சின்ன சோதனை, இப்போதே செய்து பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்குங்கள். அப்படியே வைத்துக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடியுங்கள். பிடி நிற்காது. பக்கத்தில் இருப்பவர் இரண்டு விரலால் உருவிவிடுவார். மணிக்கட்டைச் சற்றுப் பின்னால் சாய்த்துப் பிடித்தால் அதே பேனாவை யாராலும் எளிதில் பிடுங்க முடியாது. விரலை மடக்கும் தசை முன்கையிலிருந்து மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகிறது. மணிக்கட்டு மடங்கியதும் அது அளவுக்கு மீறிக் குறுகிப்போகிறது. குறுகிய தசைக்கு இழுக்கத் தெம்பில்லை. விரலை நிமிர்த்தும் தசைகளும் மறுபக்கம் விறைத்து நின்று தடுக்கின்றன. அதே கை, அதே தசை, அதே ஆள். மாறியது நீளம் மட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். தசை நாருக்குள் சார்கோமியர் என்ற குட்டி அலகுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நடுவில் மையோசின் இழைகள், இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி நீளும் ஆக்டின் இழைகள். மையோசினின் தலைகள் ஆக்டினைப் பற்றி இழுக்கின்றன. எத்தனை தலைகளுக்குப் பிடி கிடைக்கிறதோ அவ்வளவு விசை. அதிகம் நீட்டினால் இழைகள் விலகி, பிடி கிடைக்கும் தலைகள் குறைகின்றன. அதிகம் குறுக்கினால் இரு பக்க ஆக்டினும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிக்கொள்கின்றன. நடுவில் ஒரு நீளத்தில்தான் விசை உச்சம். 1966-இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளையின் ஒற்றைத் தசை நாரை வைத்து இதை அளந்து காட்டினார்கள். சார்கோமியரின் நீளம் 2.0 முதல் 2.2 மைக்ரான் வரை இருக்கும்போது விசை உச்சம், 3.65 மைக்ரானில் பூஜ்யம் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மனிதருக்கு ஆக்டின் இழை நீளம் என்பதால் உச்சம் ஏறக்குறைய 2.6 – 2.8 மைக்ரானுக்குத் தள்ளி வருகிறது. இதோடு, தசை நீளும்போது டைட்டின் என்ற புரதமும் இணைப்புத் திசுவும் ரப்பர்போல இழுபட்டுத் தாங்களும் ஒரு விசை தருகின்றன. அதற்கு நரம்பின் கட்டளை தேவையில்லை.

தொடைப் பின்தசைக்கு வருவோம். ஹாம்ஸ்ட்ரிங் என்று எல்லாரும் சொல்வது மூன்று தசைகள் சேர்ந்தது. வெளிப்பக்கத் தசைக்கு நீளம், குட்டை என்று இரண்டு தலைகள், அதாவது எலும்பில் தொடங்கும் கிளைகள். அந்தக் குட்டைத் தலை ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் இடுப்பு, முழங்கால் என்று இரண்டு மூட்டுகளையும் தாண்டிப் போகின்றன. இந்த முடிவெடுப்பில் எனக்கு மிகவும் உதவிய ஒரே விவரம் இதுதான். இடுப்பு மடங்கி முழங்கால் நீண்டிருந்தால் தசை மிக நீளம். இடுப்பு நிமிர்ந்து முழங்கால் மடங்கியிருந்தால் மிகக் குறுகல். குப்புறப் படுத்துக் குதிகாலைப் பிட்டத்தில் படும்வரை மடக்கிப் பாருங்கள், சிலருக்கு அந்த இடத்தில் தசை பிடித்துக்கொள்ளும். குறுகிய நிலையில் முறுக்கேறும்போது வரும் பிடிப்பு அது.

சரி, வேகமாக ஓடும்போது தசை கிழிவது எப்போது? பெரும்பாலும், முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன். அந்தக் கணத்தில் இடுப்பு மடங்கியிருக்கிறது, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி முன்னால் பறக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது ஹாம்ஸ்ட்ரிங்கின் வேலை. ஓட்டத்திலேயே தசை மிக நீளமாக இருக்கும் நேரம், அதுவும் நீண்டுகொண்டே பிரேக் போடுகிற நேரம். வெளிப்பக்கத் தசையின் நீளத் தலைதான் அதிகம் அடிபடுகிறது. என் மகளுக்கும் அதேதான்.

இன்னும் ஒன்று. ஒருமுறை கிழிந்து ஆறிய தசையின் வளைகோடு பழைய இடத்தில் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பிராக்கெட், மார்கன், ப்ராஸ்கே குழு ஒரு காலில் மட்டும் காயம்பட்ட வீரர்களின் இரண்டு கால்களையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியிட்டது. காயம்பட்ட காலில் விசை உச்சம் பெறும் முழங்கால் கோணம் ஏறக்குறைய 12 டிகிரி அதிகம் மடங்கிய பக்கம் தள்ளிப்போயிருந்தது. தசை குறுகிய நிலையில்தான் அதற்கு முழு பலம். நீண்ட நிலையில், அதாவது ஓட்டத்தில் ஆபத்தான அந்தக் கணத்தில், பலம் குறைவு. ஐந்து வாரம் கழித்து என் மகளின் கால் எல்லாச் சோதனையிலும் நன்றாக இருந்ததற்கும் ஓட்டத்தில் கைவிட்டதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவளைச் சோதித்ததெல்லாம் முழங்கால் மடங்கிய நிலையில்.

நரம்பின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. தசைக்குள் ஸ்பிண்டில் என்ற உணர்வுறுப்பு நீளத்தைக் கவனிக்கிறது. தசைநாண் சேருமிடத்தில் கோல்ஜி உறுப்பு விசையைக் கவனிக்கிறது. வீட்டில் ஒரு நாள் இதைக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் தோசைமாவுப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். மகளை, சொல்லாமல் சட்டென்று தூக்கச் சொன்னேன். பாத்திரம் போனதும் என் கை தானாக ஒரு சாண் மேலே எழும்பியது. அதே பாத்திரத்தை என் மறு கையாலேயே எடுத்தபோது கை அசையவில்லை. "எப்படிம்மா?" என்று அவளே மூன்று முறை செய்து பார்த்தாள். சொந்தக் கை எடுக்கும்போது மூளை முன்கூட்டியே தசையைத் தளர்த்திவிடுகிறது. பிறர் எடுக்கும்போது அதற்கு வழியில்லை.

மாஸ்கோவில் அனதோல் ஃபெல்ட்மன் 1960-களில் முழங்கையில் எடையைத் திடீரென்று குறைத்து, கை போய் நிற்கும் இடங்களை அளந்தார். அதிலிருந்து அவர் சொன்ன கருத்து: மூளை தசைக்கு "இவ்வளவு விசை கொடு" என்று கணக்குப் போட்டு அனுப்புவதில்லை. "இந்த நீளத்தைத் தாண்டினால் இழுக்கத் தொடங்கு" என்று ஒரு வாசலை வைத்துவிடுகிறது. தசை அந்த வாசலைத் தாண்டி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விசை தானே எழுகிறது. இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். மூளை விசைகளை முன்கூட்டியே கணிக்கிறது என்ற கட்சியும் வலுவாகவே இருக்கிறது. எனக்கு இரண்டிலிருந்தும் தேவைப்பட்டது ஒன்றுதான்: நீளமும் விசையும் நரம்பு மண்டலத்தின் கணக்கிலும் பிரிக்க முடியாதவை. காயம்பட்ட தசை நீண்டுகொண்டே வேலை செய்யும்போது அதற்கு வரும் நரம்புத் தூண்டல் குறைந்திருப்பதை மின் அளவீடுகளில் பார்த்திருக்கிறார்கள். எந்த நீளத்தில் காயம் பட்டதோ அங்கே நரம்பு பின்வாங்குகிறது. அங்கேயே போய்ப் பழக்கினால் ஒழிய அது திரும்பாது என்பதுதான் என் எண்ணம்.

இனி நான்கு வழிகளையும் இதில் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்ட்ரெச்சிங்கை நான் குறை சொல்ல வரவில்லை. ஓடி முடித்து வந்து நீட்டிக்கொண்டால் சுகமாக இருக்கிறது, செலவில்லை, எங்கும் செய்யலாம். ஆனால் சில வாரம் நீட்டியதும் கால் இன்னும் மேலே போகிறதே, அது பெரும்பாலும் தசை நீண்டதால் அல்ல. அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு பழகியதால். விசை வளைகோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்துச் செய்த ஆய்வில் (2000-இல் வெளியானது) பயிற்சிக்கு முன் நீட்டிக்கொண்ட குழுவுக்குக் காயங்கள் குறிப்பிடும்படி குறையவில்லை. என் மகளுக்கு நடந்ததும் அதேபோலத்தான். நான்காவது வாரம் கால் தாராளமாக மேலே போனது. அதைப் பார்த்துத்தான் குணமாகிவிட்டது என்று நம்பினோம். நீளம் எட்டியது, அந்த நீளத்தில் பலம் இல்லை.

ஜிம்மின் குப்புறப் படுக்கும் மெஷின்மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போது கொஞ்சம் தணிந்திருக்கிறது. பலம் கூட்டுகிறது, எடையைச் சிறிது சிறிதாக ஏற்றலாம், முதுகுக்குத் தொல்லை இல்லை. குறை, இடுப்பு கிட்டத்தட்ட நிமிர்ந்தே இருக்கிறது. தசை வேலை செய்வதெல்லாம் வளைகோட்டின் குறுகிய பக்கத்தில். ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்ட தசைக்கு அங்கேயே மேலும் பலம் கொடுத்தோம். அந்த ஜிம்மில் யாரும் இதைச் சொல்லவில்லை. காயம் எப்படிப் பட்டது என்றுகூடக் கேட்கவில்லை.

அதே ஜிம்மின் மூலையில் உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் மெஷின் ஒன்று இருந்தது. உட்கார்ந்தால் இடுப்பு மடங்குகிறது, தசை நீண்ட நிலையிலிருந்து தொடங்குகிறது. ஜப்பானில் மயேயோ குழு ஒரே ஆளின் ஒரு காலை உட்கார்ந்தும் மறு காலைக் குப்புறப் படுத்தும் 12 வாரம் பயிற்றுவித்துப் பார்த்தது. 2021-இல் வந்த முடிவு: உட்கார்ந்து செய்த காலில் ஹாம்ஸ்ட்ரிங்கின் பருமன் 14 சதவீதம் கூடியது, படுத்துச் செய்த காலில் 9 சதவீதம். ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம் என்பதால் இந்த ஒப்பீட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். இரண்டு மெஷினும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது எதில் உட்காருவது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான்.

நார்டிக் பயிற்சிக்கு மெஷினே வேண்டாம். முட்டிபோட்டு நிற்க வேண்டும், ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும், உடம்பை நேராக வைத்துக்கொண்டு முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். எங்கள் ஹாலில் பாய்மேல் முட்டிக்கு ஒரு தலையணை போட்டு, நான் பிடித்துக்கொள்ள, செய்து பார்த்தாள். பாதி தூரம் போனதும் தாங்க முடியாமல் கையை ஊன்றிவிட்டாள். ஊன்றுவதும் பயிற்சியின் பகுதிதான். சான்றுகளைப் பார்த்தால் நான்கில் இதற்குத்தான் எண்ணிக்கை பலம். டென்மார்க்கில் 942 கால்பந்து வீரர்களை வைத்துச் செய்த ஆய்வில் (2011) வழக்கமான பயிற்சி மட்டும் செய்த குழுவில் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள், நார்டிக் சேர்த்த குழுவில் 15. பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றன. தசை நீண்டுகொண்டே தாங்குவதால் வளைகோட்டின் உச்சியையே நீண்ட பக்கம் தள்ள முடிகிறது.

அப்படியென்றால் இதையே எடுத்துவிடலாமே? எனக்கு இரண்டு தயக்கம். நார்டிக்கிலும் இடுப்பு நிமிர்ந்தே இருக்கிறது. முழங்கால் நீள்கிறது, ஆனால் ஓட்டத்தில் இருப்பதுபோல இடுப்பு மடங்கிய உச்ச நீளம் வருவதில்லை. அப்புறம், இது கடுமையானது. முதல் வாரம் படியிறங்கவே முடியாத அளவுக்கு வலி எடுக்கும். காயமில்லாத காலைக் காப்பதற்கு அருமையான பயிற்சி. புதிதாகக் கிழிந்த காலுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. டென்மார்க்கிலும் முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு சுற்று என்றுதான் தொடங்கி 10 வாரத்தில் மெதுவாக ஏற்றினார்கள்.

நான்காவது வழியை முதலில் கேட்டபோது எனக்குப் பயமாக இருந்தது. கிழிந்த தசையை நீண்ட நிலையிலேயே வேலை வாங்குவதா? ஸ்வீடனில் ஆஸ்க்லிங் குழு 75 கால்பந்து வீரர்களை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டதைப் படித்த பிறகு பயம் தெளிந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்கள் அணியோடு சேர்ந்து முழுமையாக ஆடத் திரும்பச் சராசரியாக 51 நாள். நீண்ட நிலைப் பயிற்சி பெற்றவர்களுக்கு 28 நாள்.

பயிற்சிகள் மூன்றுதான். முதலாவது, மல்லாந்து படுத்து, காயம்பட்ட காலின் தொடையை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பைச் செங்கோணத்தில் நிறுத்தி, முழங்காலை மெதுவாக நீட்டுவது. வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே நிறுத்திவிட வேண்டும். நாளுக்கு இரண்டு வேளை, 12 முறை வீதம் மூன்று சுற்று. இரண்டாவது, காயம்பட்ட காலில் மட்டும் நின்று, கையை முன்னால் நீட்டி, குளத்தில் பாயப்போவதுபோலக் குனிந்து எழுவது. ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவதுக்கு வழுக்கும் தரை வேண்டும். சாக்ஸ் போட்ட நல்ல காலைப் பின்னால் வழுக்கவிட்டுக்கொண்டே, எடையெல்லாம் முன்காலில் தாங்கி இறங்க வேண்டும். எழும்போது கையால் உந்தி எழலாம். இது மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். எங்கள் வீட்டு மொசைக் தரையும் அவள் அப்பாவின் பழைய சாக்ஸும் இதற்குப் போதுமானதாக இருந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள்.

இதன் குறை, கவனம் நிறைய வேண்டும். பக்கத்தில் யாரும் இல்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வலியைத் தாண்டிப் போய்விட வாய்ப்புண்டு. மெஷினில் எடையைக் குறைத்து வைத்துவிட்டு நகரலாம், இதில் முடியாது. காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும் முன் இருபது நிமிடம் அவளோடு உட்கார வேண்டியிருந்தது.

வயதைச் சொன்னதால் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வளரும் பிள்ளைகளுக்குப் பிட்டத்துக்கு அருகில் சட்டென்று வலி வந்தால், கிழிந்தது தசையாகவே இருக்க வேண்டியதில்லை. ஹாம்ஸ்ட்ரிங் தொடங்கும் இடுப்பெலும்பின் முனை இன்னும் முழுதாக ஒட்டாத வயது. எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். முதல் காயத்தின்போது எங்களை யாரும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லவில்லை. இரண்டாவது முறை பிசியோ முதலில் அதைத்தான் எடுத்துவரச் சொன்னார். எலும்பு நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பயிற்சியைப் பற்றியே பேசினார். மேலே சொன்ன நான்கு வழியில் எதைத் தொடங்கும் முன்னும் அந்த ஒரு படத்தை எடுத்துவிடுங்கள்.

நாங்கள் எடுத்த முடிவு இது. எக்ஸ்ரேக்குப் பிறகு முதல் ஆறு வாரம் நீண்ட நிலைப் பயிற்சிகள் மூன்றும். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் ஜிம்மில் உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல், குறைந்த எடையில். படுத்துச் செய்யும் மெஷினை விட்டுவிட்டோம். ஸ்ட்ரெச்சிங் அவளுக்குப் பிடித்திருப்பதால் இரவில் கொஞ்சம் செய்துகொள்கிறாள், அதை மருந்தாக எண்ணவில்லை. முழு வேக ஓட்டத்துக்குத் திரும்பி ஒரு மாதம் ஆனதும் நார்டிக்கை மெதுவாகச் சேர்த்து, போட்டிக் காலம் முழுக்க விடாமல் செய்ய வேண்டும். உங்கள் பிள்ளைக்கு இதுவரை காயமே இல்லை என்றால் என் வரிசை தலைகீழ்: நேராக நார்டிக்.

எப்போது ஓடவிடுவது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு, அதுவும் ஆஸ்க்லிங் சொன்னதுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடங்காமல் கட்டி, காலை முடிந்த வேகத்தில் மேலே வீச வேண்டும். வலி இருக்கிறதா என்பதோடு நிற்காமல், மனதுக்குள் தயக்கம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். தயக்கம் இருந்தால் ஓட்டம் இல்லை. காலை மெதுவாகத் தூக்கிப் பார்க்கும் சோதனைகளில் தப்பிவிடும் பலவீனம் இதில் பிடிபட்டுவிடுகிறது.

போன ஞாயிறு காலை, முழங்காலில் அவள் அப்பாவின் கிரிக்கெட் பேடைக் கட்டிவிட்டுச் செய்யச் சொன்னேன். இடது கால் சாட்டைபோலப் போனது. வலது காலும் அதே உயரத்துக்குப் போனது. வலி இல்லை என்றாள். நான் எதுவும் கேட்காமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு, "மேலே போறப்போ கடைசில மட்டும் கொஞ்சம் புடிச்சு வைக்கிறேன்ம்மா, நானே" என்றாள்.

பேடை அவிழ்த்தேன். இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்ப்போம் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறோம்.